நண்பகல் உணவும் நகரத்துத் தேநீர்க் கடையும்

வீட்டிலே அடுப்பு எரிந்துகொண்டிருக்க, வெளியிலே சென்று பணங் கொடுத்து உண்பது முன்னாளில் பெருமைக்குரிய செயலாகக் கருதப்படவில்லை. வழிப்போக்கர் அவ்வாறு உண்டனர், வணிகர் உண்டனர், வீடற்றவர் உண்டனர். ஏனையோர் வேளை வந்ததும் வீடு திரும்பினர். மதுரைக்காஞ்சி காட்டும் மாநகரிலே உணவு விற்போர் இருந்தனர் என்பது உண்மையே. எனினும், சோற்றை விலைக்கு விற்பதைக் குறைவாகவும், அதனை அறமாக இடுவதை உயர்வாகவும் எண்ணிய மனப்பான்மை தமிழரிடத்தே நெடுங்காலம் நிலைத்திருந்தது. இந்நாளிலோ பெருநகர் ஒன்றின் நண்பகல் வேளையில் அலுவலகங்கள் வெறிச்சோட, உணவகங்கள் நிரம்புகின்றன. விடுமுறை நாளில் நண்பர்களும் குடும்பத்தினரும் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, உணவைச் சாட்டாக வைத்துப் பொழுது போக்குவதும் பெருவழக்காகிவிட்டது. இப்பழக்கம் மிகப் பழைமையானதென எண்ணத் தோன்றும். இலண்டன் மாநகரின் வரலாற்றைப் பார்த்தால், சாதாரண மக்களைப் பொறுத்தவரை இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்று மேலான வயதே உண்டு. துணையின்றி வரும் ஒரு பெண்ணைப் பொறுத்தவரை அவ்வளவு வயதும் இல்லை.

இலண்டனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்நகரத்து உணவுக் கடைகளைப் பற்றிய ஆதாரங்கள் ஏராளம். அதைவிட, அக்கடைகளின் மேசைக்கும் நமது மலைநாட்டுக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் பேருணவு நண்பகலிலேயே உண்ணப்பட்டது. 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிசு என்னும் கடற்படை அலுவலர், தாம் எங்கே உண்டார், யாருடன் உண்டார் என்பதைச் சலிப்பின்றிக் குறித்துவைத்துள்ளார். சில நாள் வீட்டில். சில நாள் மதுச்சாலையில். சில நாள் ‘ஓர்டினரி’ எனப்பட்ட பொதுப்பந்தியில். அப்பந்தியில் விலை ஒன்றே, வேளை ஒன்றே; சமைத்ததை வந்தவர் யாவரும் நீண்ட மேசையிலிருந்து பகிர்ந்துண்ண வேண்டும். விரும்பியதைக் கேட்டுப் பெறும் உரிமை அங்கே இல்லை. 1660ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் தேதி அவர் வாழ்வில் முதன்முறையாக ஒரு கிண்ணந் தேநீர் அருந்தினார் என்பதும் அந்நாட்குறிப்பிலிருந்தே தெரிகிறது. அந்நாளில் அது சீனத்திலிருந்து வந்த ஓர் அபூர்வப் பொருள்.

தேநீருக்கு முன்னரே கோப்பி நகருக்குள் புகுந்துவிட்டது. 1652ஆம் ஆண்டில் பாஸ்குவா ரோசே என்பவர் கோர்ன்ஹில் பகுதியிலுள்ள ஒரு சந்தில் இலண்டனின் முதற் கோப்பிக் கடையைத் திறந்தார். அதன் பின்னர் அவை மழைக்காலத்துக் காளான்போலப் பெருகின. ஒரு பென்னி கொடுத்தவன் எவனும் உள்ளே அமர்ந்து, கோப்பி அருந்தி, செய்தித்தாள் படித்து, அரசனையும் அமைச்சனையும் விமரிசிக்கலாம். இதைப் பொறாத இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1675ஆம் ஆண்டு டிசெம்பரில் கோப்பிக் கடைகளை மூடுமாறு பிரகடனஞ் செய்தான். எதிர்ப்பு வலுத்தமையால் சில நாட்களிலேயே, கட்டளை நடைமுறைக்கு வருமுன்பே, அதனை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையில் கப்பற்காரர் கூடிப் பேசியதிலிருந்தே இன்று உலகறிந்த லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை தோன்றியது. கோப்பிக் கடையை மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்வோர் பலர். புகழட்டும், ஆனால் அத்தொட்டிலில் பெண்களுக்கு இடமில்லை என்பதையுஞ் சேர்த்தே சொல்ல வேண்டும். கோப்பி ஊற்றிக் கொடுக்கும் பெண்ணும், கடையை நடத்தும் கைம்பெண்ணும் அங்கே இருந்திருக்கலாம். வாடிக்கையாளராக வந்தமர்ந்து வாதம் புரிந்த பெண்ணைக் காண்பது அரிது. 1674இல் கோப்பிக்கு எதிராகப் பெண்களின் விண்ணப்பம் என்றொரு கேலித் துண்டுப்பிரசுரம் வெளிவந்தது. கணவன்மார் வீடு தங்காமல் கடையே கதியெனக் கிடக்கின்றனர் என்பது அதிலுள்ள குறைகளுள் ஒன்று.

இதற்கிடையே பாரிசு நகரிலே 1760களில் ‘றெஸ்ரோறன்ற்’ என்னுஞ் சொல் புதுப்பொருள் கொண்டது. முதலில் அது உடல் தேற்றும் இறைச்சிச் சாற்றின் பெயர். பின்னரே அதனை விற்ற இடத்தின் பெயராயிற்று. தனி மேசை, விலையிட்ட உணவுப் பட்டியல், விரும்பிய வேளையில் விரும்பிய உணவு என்னும் மூன்றும் அங்கிருந்தே உலகெங்கும் பரவின. அஃது ஒரு தனிக் கதை.

இலண்டனின் நண்பகல் உணவை மாற்றியது சமையற்காரனின் திறமையன்று, கடிகாரமும் புகையிரதமுமே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் உயர்குடியினரின் பேருணவு நேரம் மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. நண்பகல் இரண்டு மணியாகி, நான்காகி, விக்டோரியா மகாராணியாரின் காலத்தில் இரவு ஏழு மணிக்கு மேலும் சென்றது. காலையுணவுக்கும் இரவுணவுக்கும் இடையே பசியால் நிறைந்த ஒரு பெரும் வெற்றிடம் உண்டாயிற்று. ‘லஞ்ச்’ என்னும் சிற்றுணவு அவ்வெற்றிடத்தில் வந்து குடியேறியது. பிற்பகல் தேநீரும் அதைத் தொடர்ந்தது. செல்வர் வீட்டில் இஃது ஒரு நாகரிகம். நகரத்து எழுதுவினைஞனுக்கோ தீராத தொல்லை. முன்பு அவன் தொழில் செய்த இடத்துக்கு அருகிலேயே வாழ்ந்தான். 1836இல் இலண்டன் பிரிட்ஜ் நிலையம் திறக்கப்பட்டபின், புகையிரதப் பாதைகள் ஒவ்வொன்றாக நகரைச் சூழ, அவன் வீடு புறநகருக்குப் போய்விட்டது. நண்பகலில் வீடு சென்று உண்டு திரும்புதல் இயலாது.

அவன் சென்ற இடங்கள் ‘சொப் ஹவுஸ்’ எனப்பட்ட இறைச்சிக் கடைகளும் மதுச்சாலைகளுமாம். இருண்ட அறை, உயர்ந்த மரத் தடுப்புகள், மரத்தூள் தூவிய தரை, வாட்டிய இறைச்சி, கூடவே ஒரு குவளை பியர். சாள்ஸ் டிக்கன்ஸ் 1852-53இல் எழுதிய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் சட்ட அலுவலகத்து எழுதுவினைஞர் மூவர் இத்தகைய கடையொன்றில் உண்ணும் அத்தியாயம் ஒன்றுண்டு, நகைச்சுவை ததும்புவது. மதுவின்றி உணவு பெறுவது கடினமாயிருந்தமையால், மதுவிலக்கு இயக்கத்தினர் இதனைப் பெருங்கேடாகக் கண்டனர். வேறோர் இடம் வேண்டும் என்ற குரல் முதலில் அவர்களிடமிருந்தே எழுந்தது.

அதனினும் பெரிய கேடு ஒன்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்கள் பெருந்தொகையினராய் நகரத்துக்குள் வரலாயினர். கடைகளில் விற்பனை செய்யவும், தந்தி நிலையத்திலும் தட்டெழுத்துப் பொறியின் முன்னும் பணிபுரியவும், பள்ளிகளிற் கற்பிக்கவும், பொருள் வாங்கவும் வந்தனர். அவர்கள் நண்பகலில் எங்கே உண்பது? சொப் ஹவுசுக்குள் போக முடியாது. மதுச்சாலைக்குள் போனால் பெயர் கெடும். பெரிய ஹோட்டல்களிலோ ஆண்துணையின்றி வந்தவளை ஐயக்கண் கொண்டு நோக்கினர். கைப்பையிலுள்ள பாண் துண்டைத் தேவாலய முற்றத்திலோ பூங்காவின் இருக்கையிலோ வைத்து உண்ண வேண்டும். மழை பெய்தால் அதுவுமில்லை. பெண்களுக்கான பொதுக் கழிப்பிடங்கள் மிக அரிதாயிருந்தமையால், தண்ணீர் குடிக்கவும் அஞ்சி நாள் முழுதும் இருந்தவர்கள் பலர். மரியாதையான வரலாற்று நூல்கள் பேசக் கூசும் விடயம் இது. ஆயினும் ஒரு நகரம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை. 1872இல் வில்லியம் வைற்லி என்னும் பெருங்கடை உரிமையாளர் தமது கடைக்குள் ஒரு சிற்றுணவுச் சாலை அமைத்து, அங்கே வைன் பரிமாற அனுமதி கோரினார். நீதவான்கள் மறுத்துவிட்டனர். பொருள் வாங்க வந்த பெண்கள் அங்கே தகாத சந்திப்புகளை நடத்துவர் என்பது எதிர்த்தோரின் அச்சம்!

வழி பிறந்தது ஒரு பாண் கடையிலிருந்து. ஜோன் டோக்லிஷ் என்னும் மருத்துவர், மாவை நொதிக்க விடாமல் கரியமில வாயுவை அழுத்தத்தாற் புகுத்திப் பாண் சுடும் முறையொன்றைக் கண்டு, 1862இல் ஒரு கொம்பனியைத் தொடங்கினார். சுருக்கமாக ‘ஏ.பி.சி.’ என்பது அதன் பெயர். அதன் கடையொன்றின் மேற்பார்வையாளராயிருந்த ஒரு பெண், தெரிந்த வாடிக்கையாளருக்குத் தேநீர் கொடுத்து உபசரிப்பது வழக்கமாம். இதையே தொழிலாக்கினால் என்னவென்று அவர் இயக்குநர்களைத் தூண்டினார் என்பர். 1864 என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் ஆண்டு. அப்பெண்ணின் பெயரை வரலாறு பேணி வைக்கவில்லை. வாயுவைப் புகுத்தியவரின் பெயரையோ நன்றாகப் பேணியிருக்கிறது. மதுவற்ற, வெளிச்சமான, விலை குறைந்த இக்கடைகளில் பெண் தனியே அமர்ந்து ஒரு தேநீரும் ஒரு பணிஸும் உண்டால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே காலத்தில் மரக்கறி உணவகங்களும் தோன்றின. 1888இல் சட்டம் படிக்க இலண்டன் வந்த மோகன்தாஸ் காந்தி என்னும் இளைஞர், தாய்க்கு அளித்த வாக்கைக் காக்க வேண்டி அரைப்பட்டினி கிடந்தார். நாள்தோறும் பல மைல் நடந்து, மலிவான கடைகளில் பாணால் வயிற்றை நிரப்பினார். ஒருநாள் பரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டபோது தமக்குண்டான மகிழ்ச்சியைத் தமது சுயசரிதையில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சோல்ற்றின் நூலை ஒரு சிலிங் கொடுத்து வாங்கிக்கொண்டே உண்ணச் சென்றார். இங்கிலாந்துக்கு வந்தபின் மனநிறைவோடு உண்ட முதல் உணவு அதுதான்.

தேநீர்க் கடையை நகரின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டு சென்றது ஜே. லயன்ஸ் கொம்பனியாகும். சல்மன், குளுக்ஸ்டீன் என்னும் இரு குடும்பத்தினர் புகையிலை வணிகத்திற் பொருள் ஈட்டியவர்கள். அவர்களுள் மொன்டேகு குளுக்ஸ்டீன், வணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகத் திரிந்தபோது, நல்ல தேநீர் கிடைக்காமல் அலுத்துப் போனவர். சுருட்டுக் கடைக்காரர் சோற்றுக் கடை வைத்தனர் என்ற பேச்சு வேண்டாமென்று உறவினரான ஜோசப் லயன்ஸின் பெயரை முன்னிறுத்தினர். 1894ஆம் ஆண்டில் பிக்கடிலி வீதி 213ஆம் இலக்கத்தில் வெண்மையும் பொன்னிறமுமான முகப்போடு முதற்கடை திறக்கப்பட்டது. அதுபோன்ற கடைகள் நாடெங்கும் ஏறத்தாழ 250 ஆயின. மேற்கு இலண்டனிலுள்ள கட்பி ஹோல் என்னும் தொழிற்சாலையில் பாணும் கேக்கும் பணியாரங்களும் செய்யப்பட்டு, வண்டிகளிற் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. எந்தக் கடைக்குட் சென்றாலும் ஒரே சுவை, அளவான விலை. கையிற் சில பென்ஸ் மாத்திரமே உள்ள தட்டெழுத்தாளப் பெண், உள்ளே போகுமுன் தன் செலவைக் கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. சிறிய வசதிதான், ஆனால் பணமில்லாதவனுக்கு உணவகத்தின் வாசலில் உண்டாகும் கூச்சத்தை அறிந்தவர் அதனைச் சிறிதென்று சொல்லார்.

1909இல் கொவன்றி வீதியில் ‘கோணர் ஹவுஸ்’ என்னும் பெரு மாளிகை எழுந்தது. மாடிக்கு மாடி வெவ்வேறு உணவுச் சாலைகள், வாத்திய இசை, பளிங்குச் சுவர்கள்; ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோர் உண்ணலாம். அரண்மனையின் தோற்றம், தேநீர்க் கடையின் விலை. பரிமாறிய பெண்களுக்கு 1926 முதல் ‘நிப்பி’ என்று பெயர்; துரிதமாய் இயங்குபவள் என்பது கருத்து. முத்துப் பொத்தான் வரிசைகள் வைத்த கறுப்பு உடை, வெள்ளை மேலாடை, கஞ்சியிட்ட தொப்பி என்ற கோலத்தில் அவள் விளம்பரங்களிற் புன்னகை புரிந்தாள். 1930இல் அவள் பெயரால் ஓர் இசை நாடகமும் அரங்கேறியது. நாள் முழுதும் நின்றும் நடந்தும் கடுத்த கால்களை விளம்பரம் காட்டவில்லை.

தேநீர்க் கடையில் தேநீர் மாத்திரமா பரிமாறப்பட்டது? வாக்குரிமை கோரிப் போராடிய பெண்கள் கூடிப்பேச மண்டபம் கிடைக்காத நாட்களில் உணவுச் சாலைகளிற் கூடினர். கதரீன் வீதியிலிருந்த கார்டீனியா என்னும் மரக்கறி உணவகம் அவர்களுடைய கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் இடமாயிற்று. ஒக்ஸ்போட் வீதியில் ‘அலன்ஸ்’ என்ற தேநீர்ச் சாலையை நடத்திய பெண் அவ்வியக்கத்தாருக்குத் தமது அறையை வாடகையின்றி வழங்கினார். 1918இல் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுட் பெரும்பாலோருக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. மேசையின் உரிமையோ வாக்குரிமையிலும் மெதுவாகவே நடந்தது. பிளீற் வீதியிலுள்ள ‘எல் வீனோ’ என்னும் வைன் சாலையில் பெண்கள் ஆண்களைப் போல முன்மேடையருகே நின்று அருந்தக்கூடாது, பின்னறையில் அமர்ந்தே பெறவேண்டும் என்ற வழக்கம் 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை நீடித்தது.

காலையுணவையும் நண்பகலுணவையும் ஒன்றாக்கிய ‘பிரஞ்ச்’ என்னும் வழக்கமும் இக்காலத்ததே. 1895இல் கை பெரிங்கர் என்பவர் ‘ஹன்ரர்ஸ் வீக்லி’ என்னும் பத்திரிகையில் அதற்காக வாதாடினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் களித்தவன் ஞாயிறன்று தாமதித்தெழ வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். சோம்பலுக்கு இவ்வளவு நாகரிகமான வழக்கறிஞர் வாய்த்தது அரிது! ஆயினும் அது பெரிதும் வேரூன்றியது அமெரிக்க நகரங்களிலேதான்.

இனி, கிண்ணத்திலிருந்த தேநீரைப் பார்ப்போம். தேயிலைக்கு நூற்றுக்கு நூறுக்கு மேலிருந்த வரி 1784இல் பன்னிரண்டரையாகக் குறைக்கப்பட்டது முதலே அது மலியத் தொடங்கியது. எனினும் சாதாரணன் கையில் கிடைக்கும் பண்டமாக அதனை ஆக்கியவை அசாமும் இலங்கையுமே. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடிகளை நோய் பற்றி, சில ஆண்டுகளில் இந்நாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல். இருபது ஆண்டுகளுள் அது கோடிக்கணக்கான இறாத்தலாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். நான்கு ஆண்டுகளின் பின்னரே பிக்கடிலியில் லயன்ஸ் கடை திறக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், தேநீர்க் கடையின் மலிவுக்கு அடிப்படை எங்கே இருந்ததென்பது விளங்கும்.

கோப்பிக்கு வேண்டியது அறுவடைக் காலத்து ஆட்கள். அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதிக்கும் மலைக்காய்ச்சலுக்கும் வழியிலே பலரைப் பறிகொடுத்தனர். எஞ்சியோர் வேலை முடியத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும், ஒரு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் கொய்யப்பட வேண்டியது. ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. கொழுந்து கொய்வது பெண்ணின் வேலையாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்து அறையில் அவள் குடும்பம் வாழ்ந்தது. கடன் தீர்ந்ததெனத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இன்றி வேறு தோட்டம் போக முடியாதிருந்தது; அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆகக் குறைந்த சம்பளத்தைச் சட்டம் விதித்தது 1927இல். இலண்டனில் ஒருத்தி நண்பகலில் அச்சமின்றி அமர்ந்து உண்ண ஓர் இடம் வாய்த்த அதே தலைமுறையில், அவளது கிண்ணத்துக்குரிய கொழுந்தைப் பறித்தவள் விடியுமுன் உண்ட ரொட்டியோடு மலையேறினாள். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

இரண்டாம் உலகப்போர் நண்பகல் உணவை அரசின் பொறுப்பாக்கியது. 1940 யூலை முதல் தேயிலை ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்சாகப் பங்கிடப்பட்டது; அப்பங்கீடு 1952 வரை தொடர்ந்தது. ‘பிரிட்டிஷ் றெஸ்ரோறன்ற்’ என்ற பெயரில் 2,000க்கு மேற்பட்ட பொது உணவுச் சாலைகள் குறைந்த விலையில் உணவளித்தன. போரின் பின் காலம் மாறிற்று. 1951இல் லயன்ஸ் கொம்பனி, பணியாரக் கணக்குகளைப் பார்க்க ‘லியோ’ என்ற கணினியைத் தானே கட்டி இயக்கியது; வணிகக் கணக்குக்குப் பயன்பட்ட முதற் கணினி அது. தேநீர்க் கடைகளுக்கு நாள்தோறும் வேண்டிய பண்டங்களின் கணக்கும் பின்னர் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. கணினி வந்தும் கடைகள் நிலைக்கவில்லை. 1953இல் பிரித் வீதியில் ‘மொக்கா’ என்ற இத்தாலியக் கோப்பிச் சாலை திறக்கப்பட, இளைஞர் அப்பக்கம் திரும்பினர். மூன்று நூற்றாண்டுக்குப் பின் கோப்பி தன் நகரை மீட்டுக்கொண்டது. 1954இல் லயன்ஸே தன் கோணர் ஹவுசில் ‘விம்பி’ என்ற அமெரிக்கப் பாணி உணவைப் புகுத்தியது. கடைசிக் கோணர் ஹவுஸ் 1977இல் மூடப்பட்டது.

அந்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இலண்டன் றீஜன்ற் வீதியில் ‘இலங்கைத் தேயிலை நிலையம்’ என்றொரு சாலை இருந்தது. நமது நாட்டுத் தேயிலையைப் பரப்புவதற்கென அமைக்கப்பட்ட அந்நிலையத்தில் அலுவலகப் பெண்களும் ஆண்களும் நண்பகல் உணவுண்டு தேநீர் பருகினர். அக்கொழுந்தைக் கொய்தவர்களுட் பெரும்பாலோர் அப்பொழுது எந்நாட்டுப் பிரசையுமல்லர். 1931இல் இந்நாட்டுக்குக் கிடைத்த சர்வசன வாக்குரிமை, வதிவு விதிகளால் குறுக்கப்பட்டேனும், அவர்களுட் பலரை எட்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அது பறிபோயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை தொகையாக இரு நாடுகளுக்கும் பங்கிட்டது.

இலண்டனின் தேயிலை ஏலம் 1998ஆம் ஆண்டு யூன் 29ஆந் தேதியோடு நிறுத்தப்பட்டது. இறுதியாக ஏலம் போனது ஹெல்பொட தோட்டத்து இலங்கைத் தேயிலைப் பெட்டியொன்று. கிலோ ஒன்று 555 பவுணுக்கு விலைபோயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் கொழும்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல்.